மெல்லிய சருமமும் வீட்டுச் சோப்பும்

காவிரிக் கரையிலிருந்தோ தாமிரபரணிக் கரையிலிருந்தோ தலைநகர் டில்லிக்கு வந்து குடியேறும் நம்மவர்கள், வந்த வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். ஊரில் கை நிறைய நுரைத்த அதே சோப்பு, இங்கே குழாய்க்கிணற்று நீரில் நுரைக்க மறுக்கிறது. வாளியின் விளிம்பிலே வெண்ணிறப் படிவு ஒன்று ஏறி நிற்கிறது. பெரியவர்களுக்கு இது ஓர் அசௌகரியம், அவ்வளவுதான். ஆனால், இயல்பிலேயே வறண்டு அரிக்கும் சருமம் வாய்த்த குழந்தை வீட்டில் இருக்குமாயின் விஷயம் அத்துடன் முடிவதில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் தடித்துச் சிவந்து, இரவெல்லாம் சொறிந்து, தானும் உறங்காமல் தாயையும் உறங்கவிடாத குழந்தைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் பல உண்டு. நம் இல்லத்திலும் ஒன்று உண்டு. ஆகவே வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் இங்கே எழுதத் துணிந்தோம். ரயில்வே குமாஸ்தா வைத்தியம் சொல்லப் புகுந்தானே என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பது நம் தொழில். சோப்பு உறையைப் படிப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

முதலில் நீரைப் பற்றி. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. இந்த உப்புகள் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத ஒருவகை அழுக்காகத் திரண்டு தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பின் குணம் வேறு இருக்கிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடு. நம் தோல் 5ஐ ஒட்டிய மெல்லிய அமிலத் தன்மை உடையது. சாதாரணச் சோப்போ 9, 10 என்ற அளவில் காரமானது. தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்பை இக்காரம் கரைத்துவிடுகிறது. குழந்தையின் தோல் மெல்லியது. ஈரத்தை விரைவில் இழப்பது. அதன்மேல் டில்லியின் மார்கழிக் குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்தால் கேட்பானேன்! குளித்த பின் தோலின்மேல் என்ன தங்குகிறது என்பதே, எந்தக் கம்பெனிச் சோப்பு என்பதைவிடப் பெரிய கேள்வி.

உறையில் “பேபி” என்று அச்சிட்டு, சிரிக்கும் குழந்தையின் படமும் போட்டிருந்தால் அது மென்மையானதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். படத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். டி.எப்.எம். என்பது சோப்பிலுள்ள கொழுப்புச் சத்தின் அளவு. 76 சதவிகிதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். “பேதிங் பார்” என்று விற்பதற்கு 40 இருந்தாலே போதும். எண் உயர்ந்திருப்பது நல்லதே. ஆயினும் முதல் தரச் சோப்பும் சோப்புதான், காரம் போகாது. அரிப்புள்ள குழந்தைக்கு ஏற்றவை, மருந்துக் கடைகளில் கிடைக்கும் சோப்புக் கலவாத “சிண்டெட்” கட்டிகள். இவற்றில் பெரும்பாலும் பி.எச். 5.5 என்று குறித்திருக்கும். கடின நீரிலும் அந்த வெள்ளை அழுக்குத் திரளாது. விலை சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் உடம்பு முழுவதும் தேய்க்க வேண்டியதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டு மற்ற இடங்களை வெறும் நீரால் அலம்பினால் ஒரு கட்டி நெடுநாள் வரும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷத்துக்கு மேற்படாமல் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் வாசனையற்ற களிம்பைத் தடவிவிட வேண்டும். சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. குளிக்கும் நீரில் ஒரு மூடி கிருமிநாசினித் திரவம் விடும் வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. இக்குழந்தைகளுக்கு அது தோலை மேலும் எரிக்கும்.

வாசனை விஷயத்தில் ஒரு தந்திரம் உண்டு. “அன்சென்டட்” என்று எழுதிய பொருளில் ஒரு நாற்றத்தை மறைக்க வேறொரு வாசனை சேர்த்திருக்கலாம். “பிராக்ரன்ஸ் ஃப்ரீ” என்றிருப்பதே வாசனைப் பொருள் கலவாதது. மெதில்ஐசோதையசோலினோன் என்ற நீண்ட பெயர் தென்பட்டாலும் தவிர்ப்பது நலம். கெடாமல் காக்கச் சேர்க்கும் இப்பொருளைத் தோலில் தங்கும் பூச்சுகளில் ஐரோப்பிய யூனியன் 2017இல் தடை செய்துவிட்டது. துணி துவைக்கும் திரவங்களில் இது இருப்பதுண்டு.

துணிக்கு வருவோம். நுரை வரவில்லையே என்று கடின நீரில் நாம் இன்னும் ஒரு கை சலவைத் தூளைப் போடுகிறோம். பிறகு ஒரே வாளி நீரில் அலசி உலர்த்துகிறோம். மிஞ்சிய தூள் குழந்தையின் சட்டையிலேயே தங்கி, வியர்வை பட்டதும் தோலைக் கடிக்கிறது. தூளைக் குறையுங்கள், ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். நம் அனுபவத்தில் புதுச் சோப்பு வாங்கியதைக் காட்டிலும் அதிக பலன் தந்தது இந்த ஒரு வாளி நீர்தான். துணிக்கு மணமூட்டும் திரவம் வேண்டவே வேண்டாம்.

இனிப் பாட்டிமார்கள் கோபிக்கக்கூடிய பகுதி. “ஏன் அப்பா, உன்னையும் உன் தங்கையையும் பயற்றமாவு தேய்த்துத்தானே வளர்த்தேன்?” என்று நம் அன்னையார் கேட்டார்கள். “அம்மா, எங்கள் தோல் வெடித்திருக்கவில்லையே” என்றோம். நல்ல தோலுக்குப் பயற்றமாவு தீங்கு செய்யாதிருக்கலாம். வெடித்த தோலில் உணவுப் பொருளைத் தேய்த்தால், உடல் அந்த உணவையே பகையாகக் கருதத் தொடங்கிவிடுவதுண்டு. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்குக் கோதுமை உணவே ஒவ்வாமற் போயிற்று. பாதிக்கப்பட்டோர் இரண்டாயிரத்துக்கு மேல். 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அன்னையார் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “எண்ணெயாவது வைக்கலாமா?” என்றார்கள். வைக்கலாம். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அன்புடன் சிபாரிசு செய்யும் கடுகெண்ணெய் காரமானது. அரிக்கும் தோலுக்கு ஒத்துவராது. நம் தேங்காயெண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. இங்கே அது குளிரில் கல்லாக உறைவதால், கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளக்கிக் கொள்ளவேண்டும்.

எதுவாயினும் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. எது உதவிற்று, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. புதிய களிம்பை முன்கையின் உட்புறத்தில் சிறு இடத்தில் நாளைக்கு இருமுறை தடவி, ஒரு வாரம் பார்த்த பின்பே உடம்பெங்கும் பூசலாம். புண்ணில் நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, ஜுரம் கண்டாலோ சோப்பு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தீபாவளி கழிந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து ரஜாய்களும் கம்பளிகளும் வெளிவரும். கம்பளி உரசினால் அரிக்கும்; உள்ளே பருத்திச் சட்டை போட்டு, அதன்மேல் அணிவிக்க வேண்டும். அவற்றோடு உருண்டு வரும் நாப்தலின் உருண்டைகள் அதனினும் கொடியவை. ஜி.6.பி.டி. என்னும் நொதி குறைவாகப் பிறந்த சிசுவுக்கு, அந்த வாசனை ஏறிய போர்வையைச் சுற்றினாலே ரத்த அணுக்கள் சிதைந்து கடுமையான காமாலை வரக்கூடும். அக்குறை இருப்பது முன்கூட்டி வெளியில் தெரிவதில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இவ்வுருண்டைகளே வேண்டாம். உலர்ந்த வேப்பிலை போடலாம். ஏற்கெனவே போட்டு வைத்த பெட்டியாயின், துணிகளைத் துவைத்து, வாசனை அறவே போகும்வரை பல நாள் வெயிலில் உலர்த்திய பின்பே குழந்தையின் அருகில் கொண்டுவர வேண்டும்.