விட்ட புகை மீண்டும் தொடுவது ஏன்?



கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு மூன்று நான்கு சிகரெட் பிடிப்பவன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இனி இல்லை" என்று முடிவு செய்து தீப்பெட்டியைத் தூர எறிந்தான். திங்கள், செவ்வாய், புதன் எப்படியோ கழிந்தன. வியாழன் மாலை டியூஷன் முடிந்து வரும் வழியில், நண்பன் ஒருவன் முறுக்கான் கடையின் முன் நின்று ஒன்றை நீட்டினான். வாங்கிவிட்டான். "எனக்கு மன உறுதி கிடையாது, அவ்வளவுதான்" என்று அன்றிரவு தனக்குத்தானே தீர்ப்பும் கூறிக்கொண்டான்.

இந்தத் தீர்ப்பு சரியா? அவனுடைய மூளைக்குள் அந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சில விநாடிப் பயணம்

புகையிலையில் உள்ள நிகோடின் என்னும் வேதிப்பொருளை 1828-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான போசெல்ட், ரைமன் ஆகியோர் பிரித்தெடுத்தனர். புகையை உள்ளே இழுத்ததும் நிகோடின் நுரையீரலில் இரத்தத்துடன் கலந்து, சுமார் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைந்துவிடுகிறது.

நம் மூளையின் நரம்பணுக்களில் ஏற்பிகள் என்னும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை, உடலே உண்டாக்கும் அசிட்டைல்கோலைன் என்ற பொருளுக்காக அமைந்தவை. நிகோடின் கள்ளச்சாவியைப் போல அந்தப் பூட்டுகளில் நுழைந்து அவற்றைத் திறந்துவிடுகிறது. உடனே டோபமைன் என்னும் பொருள் சுரக்கிறது. "இது நல்லது, மறுபடியும் செய்" என்று மூளைக்குக் கற்பிப்பது இந்த டோபமைன்தான்.

பீடிக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். கட்டாயம் பொருந்தும். இலையில் சுற்றியிருப்பதால் பீடி தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. அதனுள் இருக்கும் புகையிலையிலும் அதே நிகோடின்தான் இருக்கிறது.

பசித்திருக்கும் வாயில்கள்

கள்ளச்சாவி அடிக்கடி வந்தால் மூளை வாளாவிருப்பதில்லை. இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள நிகோடினின் அளவோ சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது கூடுதலாக முளைத்த ஏற்பிகள் வெறுமையாக நிற்கின்றன. எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், சோர்வு, அதிகப் பசி ஆகியவை தோன்றுகின்றன. கடைசிச் சிகரெட்டுக்குப் பின் சில மணி நேரத்திலேயே தொடங்கும் இத்தொல்லை, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

இங்கே ஒரு மயக்கம் ஏற்படுகிறது. மறுபடி ஒன்றைப் பிடித்தவுடன் எரிச்சல் அடங்குகிறதல்லவா? "சிகரெட் என் மனத்துக்கு அமைதி தருகிறது" என்று பையன் நம்பிவிடுகிறான். உண்மையில், முந்தைய சிகரெட் உண்டாக்கிய நோயைத்தான் அடுத்த சிகரெட் ஆற்றுகிறது.

"நாள்தோறும் பத்துப் பதினைந்து பிடிப்பவர்களுக்குத்தானே இது?" என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டாக்டர் ஜோசப் டிஃப்ரான்சாவும் அவருடைய குழுவினரும் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நாள்தோறும் புகைக்கும் நிலையை அடையும் முன்னரே மாணவர் பலரிடம் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தென்பட்டன. சிலரிடம் சில வாரங்களிலேயே!

கயிற்று நுனியின் கனல்

முன்பெல்லாம் பெட்டிக்கடைத் தூணில் ஒரு கயிறு தொங்கும். பீடி பற்றவைக்க வருபவர்களுக்காக அதன் நுனி எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். இன்று பல கடைகளில் அந்த இடத்தை லைட்டர் பிடித்துக்கொண்டது.

ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் நாயை உங்களுக்குத் தெரியும். உணவு தருவதற்கு முன் ஓர் ஒலியை எழுப்பி எழுப்பிப் பழக்கினார். பின்னர் உணவே இல்லாமல் அந்த ஒலியைக் கேட்டாலும் அதற்கு எச்சில் ஊறிற்று. புகைப்பவனுக்கு அந்தக் கனல்தான் ஒலி. தேநீர்க் கிளாசின் சூடு, டியூஷன் முடியும் நேரம், குறிப்பிட்ட நண்பனின் முகம் ஆகிய அனைத்தும் ஒலிகளே. உடலின் தொல்லை சில வாரங்களில் ஓய்ந்தாலும் இந்த நினைவுத் தூண்டல்கள் மாதக்கணக்கில் விழித்திருக்கும். விட்டவர்கள் வெகுநாள் கழித்தும் திடீரென்று தொடுவதற்குக் காரணம் இதுவே.

இளமையின் இடர்ப்பாடு

பதின்பருவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "பொறு, பின்விளைவை எண்ணிப்பார்" என்று தடுக்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயது வரை ஆகிறது. இன்பத்தைத் தேடும் பகுதியோ அதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. வண்டியின் வேகம் கூடிவிட்டது. பிரேக் இன்னும் முழுமையாகப் பொருத்தப்படவில்லை! அதோடு, நண்பர் கூட்டத்தில் தனித்து நிற்பது இந்த வயதில் மிகக் கடினம்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

வியாழன் மாலையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தொல்லை உச்சத்தை எட்டியிருந்த நாட்களை அவன் தாண்டி வந்துவிட்டான். ஆனால் அதே வழியில், அதே நேரத்தில், அதே நண்பனுடன் வந்தான். மன உறுதி அவனிடம் இருந்தது, திட்டம்தான் இல்லை.

முதல் சில வாரங்கள் அந்தக் கடை இல்லாத வேறு வழியில் வீட்டுக்குப் போகலாம். "நான் விட்டுவிட்டேன், எனக்கு நீட்டாதே" என்று நண்பனிடம் முன்கூட்டியே சொல்லலாம். ஆசை அலை போன்றது. எழும்பிச் சில நிமிடங்களில் தானே தாழும். அந்த நிமிடங்களில் தண்ணீர் குடிக்கலாம், சற்று நடக்கலாம், யாரிடமாவது பேசலாம். நிகோடின் மிட்டாய், சூயிங்கம் போன்றவற்றைச் சிறுவர்கள் மருத்துவர் சொல்லாமல் தாமாக வாங்கக் கூடாது. 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

ஒருமுறை தவறிவிட்டால்? "எல்லாம் போயிற்று" என்று முழுப் பாக்கெட்டையும் வாங்கிவிடுவதுதான் பெரிய தவறு. வெற்றிகரமாக விட்டவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர்களே. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடன் இருந்தபோது தவறினோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முயற்சிக்கு அதுவே வரைபடம்.

நம் கருங்கல் மாணவனுக்கு வெள்ளிக்கிழமை விடிகிறது. அவன் தோற்றுவிட்டானா? இல்லை. நேற்று மாலை தன் எதிரி எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டான். இன்று மாலை அவன் எந்த வழியாக வீடு திரும்பப் போகிறான் என்பதே இனிக் கேள்வி.