சிப்பாயின் சூப்பும் பட்டாசுத் திரியும்

திரியைப் பற்றவைத்துச் சூப்பைச் சூடாக்கிக் குடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? தினமும் திரியோடு பழகும் சிவகாசிப் பக்கத்து மாணவர்கள்கூட இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இது கட்டுக்கதை அல்ல.

1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கின. பிரிட்டிஷ் வீரர்களிடம் ஒரு விநோதமான தகர டப்பா இருந்தது. அதற்குள் சூப் அல்லது கோகோ இருக்கும். டப்பாவின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் உலோகக் குழாய். குழாய்க்குள் மெதுவாகக் கனன்று எரியும் மருந்துக் கலவை. குழாயின் வாயில் ஒரு திரி. புகைத்துக்கொண்டிருக்கும் சிகரெட்டின் முனையைத் திரியில் வைத்தால் போதும். நான்கைந்து நிமிடங்களில் சூப் ஆவி பறக்கும்.

புஸ்வாணத்தை நிமிர்த்திக் குழாயில் அடைத்து, சுற்றிலும் சூப்பை ஊற்றியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேற்றுமை உண்டு. புஸ்வாணம் பொறிகளை வெளியே வாரி இறைக்கும். இந்தக் கலவையோ வெப்பத்தைக் குழாயின் சுவர் வழியே சூப்புக்குக் கொடுத்துவிடும்.

காற்றோட்டமில்லாத குழாய்க்குள் மருந்து எப்படி எரிகிறது என்று கேட்பீர்கள். விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். பட்டாசு மருந்துக்கு அது தேவையில்லை. ஆக்சிஜனைத் தரும் பொருள் கலவையிலேயே சேர்ந்திருக்கிறது. நம் ஊர்ப் பட்டாசில் அந்த வேலையைச் செய்வது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அதனால்தான் எரியும் பட்டாசை மூடி அணைக்க முடிவதில்லை.

சூப் டப்பாவில் ஒரு கட்டாய விதியும் இருந்தது. பற்றவைப்பதற்கு முன் மூடியில் இரண்டு துளைகள் இட வேண்டும். மறந்துவிட்டால் உள்ளே நீராவி திரண்டு டப்பா வெடிக்கும். சூப் வயிற்றுக்குப் போகாமல் முகத்துக்குப் போகும்!

ஒரு வாய்ச் சூப்புக்கு ஏன் இவ்வளவு பாடு? போர்முனையில் அடுப்பு மூட்டுவது எதிரிக்குக் கடிதம் எழுதுவதற்குச் சமம். பகலில் புகையும் இரவில் வெளிச்சமும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மழையில் நனைந்த தீப்பெட்டியோ எதற்கும் உதவாது. குளிரில் விறைத்துப்போனவனுக்கு வயிற்றுக்குள் சூடாக ஏதாவது போனால்தான் கை கால் வழங்கும்.

இந்தத் தொல்லை நம் நாட்டு வீரர்களுக்கும் உண்டு. 1984 முதல் இந்தியப் படை காவல் காக்கும் சியாச்சின் பனியாற்றை எடுத்துக்கொள்வோம். அங்கே 5,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே தண்ணீர் 82 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை ஏறாது. பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் வேண்டும், எரிபொருள் வேண்டும், இரண்டையும் மலைமேல் சுமக்க வேண்டும்.

இதனால், சமைத்த உணவையே கெடாமல் கொடுத்தனுப்பும் வழிகளை ஆராய 1961-இல் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி அங்கே உருவாயிற்று. 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோது உடன் சென்ற இந்திய உணவும் அங்கே தயாரானதுதான். பிளாஸ்டிக், அலுமினியத் தகடு, மீண்டும் பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டிய பையில் புலவை அடைத்து, அழுத்தத்தில் 121 பாகை அளவுக்குச் சூடேற்றுவார்கள். உள்ளிருக்கும் கிருமிகள் மடிந்துவிடும். புதிதாகக் காற்றும் கிருமியும் நுழைய வழியில்லை. உப்பிட்டு ஊறப்போடாமலே அது பல மாதம் கெடாமல் இருக்கும்.

கெடாது, சரி. ஆனால் குளிரில் அந்தப் பையைப் பிரித்தால் நெய் மெழுகாக உறைந்து சோற்றில் ஒட்டியிருக்கும். அதைச் சூடாக்குவது எப்படி? மறுபடியும் அடுப்பா?

அமெரிக்கப் படையினர் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். இந்த முறை திரியும் இல்லை, தீயும் இல்லை. உணவுப் பொட்டலத்தோடு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். அதன் அடியில் அட்டை போன்ற ஒரு வில்லை. உணவுப் பையை உறைக்குள் செருகிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். சில விநாடிகளில் ‘சுர்’ரென்று இரைந்து ஆவி கிளம்பும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உணவு தயார்.

வில்லையில் இருப்பது மக்னீசியப் பொடி. அத்துடன் சிறிது இரும்பும் உப்பும்.

மக்னீசியம் + நீர் → மக்னீசியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன் + வெப்பம்

எவ்வளவு வெப்பம்? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். 250 கிராம் சாம்பார் சாதத்தை 25 பாகையிலிருந்து 75 பாகைக்கு ஏற்ற வேண்டும். அதில் பெரும்பகுதி நீரே என்பதால் முழுவதும் நீராகவே கொள்வோம். ஒரு கிராம் நீரை ஒரு பாகை உயர்த்த 4.2 ஜூல் வேண்டும். 250 × 50 × 4.2 = 52,500 ஜூல், அதாவது 52.5 கிலோஜூல். ஒரு கிராம் மக்னீசியம் நீருடன் வினைபுரிந்தால் ஏறத்தாழ 14.5 கிலோஜூல் கிடைக்கும். ஆக, நான்கு கிராமுக்கும் குறைவான மக்னீசியம் போதும்! பாதி வெப்பம் வீணாகும் என்று வைத்தாலும் ஏறத்தாழ ஏழு கிராமில் காரியம் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பை நீரில் போட்டால் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் உணவைச் சூடாக்கப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் ஒரு கிராம் சுட்ட சுண்ணாம்பு தருவது ஏறத்தாழ 1.2 கிலோஜூல்தான். ஒவ்வொரு கிராமையும் முதுகில் சுமக்கும் சிப்பாய்க்குப் பன்னிரண்டு மடங்கு வேற்றுமை பெரிது.

மக்னீசியத்துடன் இரும்பும் உப்பும் எதற்கு? இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் நீங்களே பார்க்கலாம். மக்னீசிய நாடாத் துண்டு ஒன்றைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். ஏதும் நடப்பதாகவே தெரியாது. மக்னீசியத்தின்மேல் ஹைட்ராக்சைடு மெல்லிய படலமாகப் படிந்து, நீர் மேலும் தொடாதபடி தடுத்துவிடுகிறது. இப்போது நாடாவை ஓர் இரும்பு ஆணியில் சுற்றி உப்புநீரில் போடுங்கள். குமிழிகள் வரும். உப்பு அந்தப் படலத்தைக் குலைக்கிறது. இரும்பும் மக்னீசியமும் உப்புநீரில் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன. வில்லையில் இப்படி எண்ணற்ற மின்கலங்கள்.

குமிழிகளாக வருவது ஹைட்ரஜன். ஏழு கிராம் மக்னீசியத்திலிருந்து ஏறத்தாழ ஏழு லிட்டர் வரும். எளிதில் தீப்பற்றும் வாயு. எனவே உறையைச் சூடாக்கும்போது பக்கத்தில் நெருப்புக் கூடாது, கதவடைத்த அறையும் கூடாது. சியாச்சின் போன்ற இடத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் உறைந்துவிட்டால் வில்லை வெறும் அட்டைதான். குடுவையை உடுப்புக்குள் உடம்போடு வைத்துக் காக்க வேண்டும்.

இனி, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துக்கு வருவோம். கரிசல் பூமி, மானாவாரி விவசாயம் கைகொடுக்காத நாளில் பட்டாசு வேலைதான் பலருக்குச் சோறு. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உராய்வு, அடி, நிலைமின்சாரம் என்று மருந்தைக் கிளப்பிவிடும் காரணங்கள் பல. ஆனால் சிப்பாயின் உணவைச் சூடாக்கும் அதே வினை, பட்டாசு அறையிலும் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பட்டாசு மருந்தில் வெள்ளை ஒளிக்கும் பொறிக்கும் அலுமினியப் பொடி சேர்க்கிறார்கள். அதுவும் நீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் தரும். கிராமுக்கு 15 கிலோஜூலுக்கு மேல். ‘எங்கள் வீட்டு அலுமினியக் குடத்தில் நாள் முழுவதும் தண்ணீர் இருக்கிறதே, சூடாகவில்லையே?’ என்று கேட்பது நியாயமே. குடத்தின்மேல் ஆக்சைடு படலம் இருக்கிறது. நீர் தொடும் பரப்பும் குறைவு. ஒரு செண்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். அதையே நூறில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர செண்டிமீட்டராகிவிடும். படலத்தில் எங்கே சிறு பழுது வந்தாலும் வினை தொடங்க இடம் கிடைத்துவிடுகிறது.

அலுமினியமும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் நிலைமை இன்னும் மோசம். அலுமினியம் நைட்ரேட்டைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அம்மோனியா காரப் பொருள்; காரம் ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். படலம் கரையக் கரைய வினை வேகமாகும், மேலும் அம்மோனியா வரும். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நேற்று கலந்து வைத்த மருந்தில் இன்று காலை அம்மோனியா நெடி அடித்தால், அங்கே நிற்கவே கூடாது.

சிப்பாயின் உறையில் இப்படி ஏன் ஆவதில்லை? அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்ளச் சோறு இருக்கிறது. தண்ணீரும் தாராளமாக இருக்கிறது; அது ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மருந்துக் குவியலில் ஈரம் கொஞ்சம், உலோகப் பொடி அதிகம்; நடுவில் பிறந்த வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. அதோடு, சிப்பாயின் வில்லையில் வெடியுப்பு இல்லை, குவியலில் இருக்கிறது. 1990-களின் வில்லையையும் 1944-இன் சூப் டப்பா மருந்தையும் ஒன்றாகக் கொட்டிவைத்தது போன்றது அது. வில்லை சூடாக்கும், திரியில்லாமலே மருந்து பற்றிக்கொள்ளும்.

இதற்குத் தடுப்பு உண்டா? உண்டு. அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த மருந்தை நீர் விட்டுப் பிசைய நேர்ந்தால் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பார்கள். கேரம் பலகையில் தூவுகிறோமே, அதே போரிக் பவுடர்தான்! மென்மையான அந்த அமிலம் காரத்தை அப்போதைக்கப்போது முறித்துப் படலத்தைக் காப்பாற்றுகிறது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு மீதம் வைக்கக் கூடாது என்ற விதியும் இதனால்தான். மழைக்கால விடுமுறைக்குப் பின் கதவைத் திறக்கும் நாளில், பழைய மீதத்தை எடுத்துக் கையாள்வதைப்போல ஆபத்தானது வேறில்லை.

மருந்து அறையின் வாசலில் வாளி வாளியாக மணல் நிரப்பி வைத்திருப்பதன் காரணமும் இப்போது விளங்கும். எரியும் அலுமினியப் பொடியின்மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் கிளம்பும்; தீ அணைவதற்குப் பதில் சீறும். உலர்ந்த மணலைக் கொட்டினால் பொடி அசையாமல் மூடிக்கொள்ளும். மழையில் நனைந்த மணல் உதவாது. வாளிக்கு மூடி வேண்டும்.