வழி சொல்லும் வரைபடம் எதைக் கணக்கிடுகிறது?

உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குக் காரில் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. மற்றொன்று, கல்லட்டி மலைச்சாலையில் இறங்கி மசினகுடி வழியாகப் போவது. இரண்டும் தெப்பக்காட்டில் ஒன்றுசேர்ந்து, பந்திப்பூர்க் காட்டின் ஊடே மைசூரை அடைகின்றன. கல்லட்டி வழியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம் மிச்சம். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

கார் ஓட்டும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லைதான். ஆனால், அப்பா வண்டியை ஓட்ட, பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு "இடது பக்கம் திரும்புங்கள்" என்று வழி சொல்பவர் பல வீடுகளில் நீங்கள்தானே! ஆகவே கைபேசி எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணிப்பொறிக்கு ஊர் தெரியாது, மலை தெரியாது. அதற்குச் சாலைச் சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள். சந்திப்புகளை இணைக்கும் சாலைகள் எல்லாம் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மீதும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அதை அந்தக் கோட்டின் 'செலவு' என்பார்கள். மொத்தச் செலவு மிகக் குறைவாக உள்ள வழியைக் காணும் முறையை, டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1956-ல் வகுத்து 1959-ல் வெளியிட்டார். சமதரையில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால் அது எல்லாப் பக்கமும் பரவுகிறதல்லவா? அதுபோல, தொடங்கும் புள்ளியிலிருந்து கணக்கு பரவுகிறது. இதுவரை மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய புள்ளி எதுவோ அது முதலில் உறுதியாகிறது. பிறகு அதன் அண்டைப் புள்ளிகளின் செலவு பார்க்கப்படுகிறது. இப்படியே சென்று, போய்ச்சேர வேண்டிய புள்ளி உறுதியானதும் விடை கிடைத்துவிடும். இன்றைய செயலிகள் இதையே பல உத்திகளால் விரைவுபடுத்தி வைத்திருக்கின்றன.

இந்தக் கணக்கில் தவறு நேர்வது அரிது. கேள்வி வேறு: கோட்டின் மீது எழுதிய எண் எது? கிலோமீட்டரை எழுதினால் மிகக் குறுகிய வழி கிடைக்கும். நிமிடத்தை எழுதினால் மிக விரைவான வழி கிடைக்கும். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிரும் விரைவான வழியில்தான் செல்கிறது. ஒளிவிலகல் பாடத்தில் இதைப் படிப்பீர்கள். ஆனால் ஒளிக்குப் பிரேக் கிடையாது. காருக்கு உண்டு. அங்கேதான் சிக்கல்.

கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மசினகுடிக்கு வருவதற்குள் ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். இழக்கும் நிலையாற்றல் 1,200 × 9.8 × 1,300, அதாவது ஏறத்தாழ 1.5 கோடி ஜூல். ஒரு கிலோவாட் வெந்நீர் ஹீட்டரை நான்கு மணி நேரத்துக்கும் மேல் எரிக்க இது போதும்! இவ்வளவு ஆற்றலையும் பிரேக்கே வெப்பமாக மாற்ற வேண்டுமானால் அது கொதித்துப்போகும். உராய்வு குறைந்து, மிதித்தாலும் பிடிக்காது. தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினையும் வேகத்தைக் கட்டுப்படுத்தச் செய்வது இதனால்தான். கூடலூர் வழியிலும் ஏறக்குறைய இதே உயரம்தான் இறங்குகிறோம். ஆனால் அது நீண்ட தூரத்தில் பங்கிடப்படுகிறது. 2018 அக்டோபரில் கல்லட்டிச் சாலையில் சுற்றுலா வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தனர். அதன்பின் வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நிமிடத்தை மட்டும் எண்ணும் கணக்குக்குச் சரிவின் ஆபத்து தெரியாது. 2024 ஜனவரியில் 'மிக விரைவான வழி'யை நம்பிய ஒரு கார், கூடலூரில் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டதும் இந்த ரகம்தான்.

ஆகவே வரைபடச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது காட்டும் வழியைவிட, நம் வழியை அது ஏற்குமா என்று பாருங்கள். கூகுள் மேப்ஸில் இடையில் நிறுத்தங்கள் சேர்க்கலாம். தொடங்குமிடத்தைச் சேர்த்துப் பத்து இடங்கள். நமக்குத் தேவை ஒன்றே ஒன்று: நடுவட்டம். அந்தப் புள்ளியைப் பெரிய சாலையின் மேலேயே வைக்க வேண்டும். தெருவுக்குள் வைத்தால், கார் தெருவுக்குள் போய்த் திரும்பி வரும்! கணிப்பொறித் திரையில் கோட்டை இழுத்தும் வழியை மாற்றலாம். ஆனால் கைபேசிக்கு அனுப்பியபின் அந்த மாற்றம் நிலைத்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிடுங்கள். அது புதிதாகக் கணக்கிட்டிருக்கக் கூடும்.

வளைந்து வளைந்து போகும் நீண்ட பயணத்துக்கு, என் கருத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆதாரமாகக் கொண்ட செயலிகள் மேல். 2004-ல் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்களே வரைகிறார்கள். ஓஸ்மாண்ட் போன்ற செயலியில், நாம் வரைந்த வழியை ஜி.பி.எக்ஸ். கோப்பாக ஏற்றிக்கொள்ளலாம். அதில் நாலைந்து புள்ளிகள் மட்டும் இருந்தால், இடைவெளியைச் செயலி தன் விருப்பப்படி நிரப்பும். அடுத்தடுத்து நெருக்கமான புள்ளிகளாக முழுத் தடமும் இருந்தால், அந்தத் தடத்தையே பின்பற்றச் செய்யலாம். வழியெங்கும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று வரைகோட்டுப் படமும் காட்டும். செங்குத்தாக விழும் கோட்டைக் கண்டால் அப்பாவிடம் காட்டுங்கள்.

காட்டுக்குள் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்படுகிறது. மாலையில் தாமதமாகப் புறப்படுவதானால் தெப்பக்காட்டைத் தாண்டும் நேரத்தையும் கணக்கிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.