பசி மாதங்களைத் தூங்கிக் கழிக்கும் உயிர்கள்

மார்கழி விடியலில் உத்திரமேரூர் பக்கத்துத் திருப்புலிவனத்துத் தெருவில் கோலம் போட வருபவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். நமக்கு அதுவே பெரிய குளிர். அதே நேரத்தில் நார்வே நாட்டுக்கு மேற்கே, கடலில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய தண்ணீரில், 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உயிர் கும்மிருட்டில் அசையாமல் கிடக்கும். ஆடி, ஆவணியில் கீழே இறங்கியது அது. மாசி, பங்குனி வரை மேலே வராது. அதுவரை ஒரு வாய் இரைகூட எடுக்காது.

அதன் பெயர் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். துடுப்புக்காலிகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. நார்வே நாட்டில் பிஷப்பாக இருந்த யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெரஸ் 1770-இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தார். மதப் பணிகளுக்கு நடுவே செடிகொடிகளையும் கடல் உயிர்களையும் விடாமல் ஆராய்ந்தவர் அவர்.

கலானஸை நுண்ணோக்கியில் வைத்தால் தோலுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். முதலில் கண்ணில் படுவது உடலின் நடுவே நீளமாக இருக்கும் ஒரு பை. அதில் நிறைந்திருப்பது எண்ணெய். நன்றாகத் தின்று வளர்ந்த கலானஸின் உடலில் பாதிக்கு மேல் அந்தப் பைதான்.

வடகடலில் வசந்தம் வந்து வெயில் ஏறியதும், நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளான தாவர மிதவைகள் கோடிக்கணக்கில் பெருகும். கலானஸ் இரவு பகலாக அவற்றைத் தின்னும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, பெரிய உயிராக ஆவதற்குள் பதினோரு தடவை சட்டை உரிக்க வேண்டும். பெரும்பாலானவை கடைசிச் சட்டைக்கு ஒரு படி முன்னாலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். எண்ணெய்ப் பை நிரம்பியதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். கீழே மூச்சுவிடும் வேகம் குறையும். சேமித்த எண்ணெயைச் சிறுகச் சிறுகச் செலவழித்து மாதக்கணக்கில் உயிர் வாழும். வெளிச்சம் எட்டாத ஆழம் என்பதால், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களுக்கும் அங்கே வேலையில்லை.

உங்களில் யாராவது இந்நேரம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரில் மிதக்குமே, பை நிறைய எண்ணெய் வைத்திருப்பது எப்படிக் கீழேயே தங்கும்?

நல்ல கேள்வி. கலானஸ் சேமிப்பது மெழுகு வகை எண்ணெய். ஆழத்துக்குப் போகப் போக அழுத்தமும் குளிரும் கூடும். அப்போது கடல்நீர் சுருங்குவதைவிட மெழுகு அதிகமாகச் சுருங்கும், அதனால் அதன் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். ஏதோ ஓர் ஆழத்தில் மெழுகின் தூக்கலும் உடலின் எடையும் சமமாகும். அங்கே நீந்தவும் வேண்டாம், மூழ்கவும் வேண்டாம். அண்டார்க்டிகா கடலில் கலனாய்டஸ் அகூட்டஸ் என்ற உறவுக்கார இனம் இருக்கிறது. அதன் மெழுகு, மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்துபோகும் தேங்காய் எண்ணெய் மாதிரி, ஆழத்தில் கெட்டிப்படுகிறது என்று டேவிட் பாண்ட், கெரைன்ட் டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள்.

ஆர்க்டிக் பகுதியில் இன்னும் பெரிய இனம் ஒன்று உண்டு. கலானஸ் ஹைப்பர்போரியஸ், சுமார் 7 மில்லிமீட்டர். அதன் தாய் நடுக் குளிர்காலத்தில், அந்த இருட்டிலேயே, ஒன்றும் தின்னாமல் முட்டை இடுகிறாள். முட்டைக்குள் வைத்து அனுப்பும் சத்து முழுவதும் போன கோடையில் அவள் சேர்த்துவைத்தது. முட்டைகள் மெல்ல மேலே மிதந்து போகும். குஞ்சு வளர்ந்து வாய் திறக்கும் காலத்துக்கு மேலே இரை தயாராகியிருக்கும். இந்த உயிரைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடத்தில் படிப்பு நின்றுவிடும்.

சின்ன உயிர் என்று நினைத்துவிடாதீர்கள். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் முக்கியமாக, முதலில் சொன்ன கொழுத்த கலானஸ் ஃபின்மார்க்கிகஸைத் தின்றுதான் வாழ்கிறது. அந்தத் திமிங்கிலங்கள் இன்று உலகில் 400-க்கும் குறைவு. இன்னொன்று, மேலே தின்ற இரையிலுள்ள கார்பனை எண்ணெயாக்கிக் கீழே கொண்டுபோய் அங்கே மூச்சாக விடுகின்றன இந்தத் துடுப்புக்காலிகள். அவ்வளவு ஆழத்துக்குப் போன கார்பன் காற்றுக்குத் திரும்ப மிக நீண்ட காலம் ஆகும். சிக்ரூன் யோனஸ்டோத்திர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவும் 2015-இல் இதைக் கணக்கிட்டு உலகுக்குச் சொன்னார்கள்.

இதெல்லாம் பனி கொட்டும் நாட்டுக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். நம் அரபிக் கடலுக்கு வாருங்கள். சோமாலியா, ஓமன் கரைகளில் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமாக வீசி மேல்நீரைத் தள்ளும். அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். தாவர மிதவைகள் பெருகும். கலனாய்டஸ் கரினாட்டஸ் என்ற துடுப்புக்காலி அந்த நாலு மாதமும் மேலே தின்று பெருகி, காற்று நின்றதும் எண்ணெய்ப் பையோடு பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அடுத்த பருவக்காற்று வரை தூக்கம்தான். அங்கே பனியும் இல்லை, உறையும் குளிர்காலமும் இல்லை. ஆக, தூங்க வைப்பது குளிர் என்பதைவிட, இரை இல்லாத காலம் என்பதே சரி.

இந்தியப் பெருங்கடலின் மிதவை உயிர்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதிக்கு அடித்தளம் 1960 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். பல நாட்டுக் கப்பல்கள் வலைவீசி எடுத்த மிதவை உயிர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொச்சிக்கு வந்தன. அங்கே இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்தில் நம் இளம் விஞ்ஞானிகள் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து அவற்றை இனம் இனமாகப் பிரித்து எண்ணினார்கள். இந்தியாவின் பங்கை முன்னின்று நடத்தியவர் என்.கே. பணிக்கர். அதற்கு முன் நம் மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர்.

சரி, திருப்புலிவனத்தைச் சுற்றியிருக்கும் ஏரிகளில்? இங்கே பசி மாதங்கள் சித்திரையும் வைகாசியும். இரை மட்டுமல்ல, தண்ணீரே போய்விடும். இறங்கிப் போக ஆழமும் கிடையாது. அதனால் இங்கே வேறு வழி. டாஃப்னியா, மொய்னா என்று மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் தண்ணீர்ப் பூச்சிகள், ஏரி நிறைந்திருக்கும்போது ஆணே இல்லாமல் பெண் குஞ்சுகளாகப் பெற்றுத் தள்ளும். நீர் வற்றத் தொடங்கினால் ஆண்களும் பிறக்கும். அப்போது தாய் ஓரிரு முட்டைகளை மட்டும் கெட்டியான கருப்பு உறைக்குள் பொதிந்து விட்டுவிடும். தாய் செத்துப்போகும். உறை வண்டலில் கிடக்கும், வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்தாலும் உள்ளே உயிர் இருக்கும். ஏரியில் வாழும் சில துடுப்புக்காலிகளும் இப்படி உறங்கும் முட்டை இடும். அமெரிக்காவில் ஒரு குளத்து வண்டலில் 300 ஆண்டுக்கு மேல் கிடந்த துடுப்புக்காலி முட்டைகள் பொரிந்ததாக 1995-இல் கண்டறிந்தார்கள். வாத்துகளின் காலில் ஒட்டியும் வயிற்றுக்குள் புகுந்தும் இந்த முட்டைகள் ஊர்விட்டு ஊர் போவதுண்டு. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் நமக்குப் பக்கம்தானே!

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஏரிகளைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு குழுவே உண்டு. பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தியது. அந்த வாரியத்தார் காத்த ஏரிகளின் வண்டலிலும் இந்த முட்டைகள் தூங்கியிருக்கும்.

இந்த முட்டைகளை நீங்களே எழுப்பிப் பார்க்கலாம். கோடையில் பெரியவர் ஒருவரோடு போய், வற்றிய ஏரியின் உள்வாயில் காய்ந்த மேல்மண் ஒரு கைப்பிடி எடுங்கள். அகன்ற வாய் பாட்டிலில் போட்டு, மழைநீரோ கிணற்று நீரோ ஊற்றி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொசு முட்டையிடாமல் வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகளைச் சுமந்த சைக்ளாப்ஸ் என்ற துடுப்புக்காலி குடிநீர் வழியாக வயிற்றுக்குள் போனதால்தான் ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் வந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

ஒரு வாரம், இரண்டு வாரம் தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துள்ளித் துள்ளிப் போகும் புள்ளிகள் தெரியலாம். ஒன்றும் தெரியாவிட்டால் வேறு இடத்து மண்ணை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஏரி மண்ணுக்கும் தனிப் பாட்டில் வைத்து, ஏரியின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். திருப்புலிவனத்து மண்ணில் எழுவதும் உத்திரமேரூர் மண்ணில் எழுவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை.