லே-லடாக் டிரிப்: முதல் 48 மணி நேரம் ஏன் முக்கியம்?

தோவாளைக்காரர்களுக்கு மலை புதிதல்ல. விடிவதற்கு முன்பே களைகட்டும் பூச்சந்தைக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று வருஷத்தில் பாதி நாள் காதுக்குள்தான் வீசுகிறது. இந்தப் பக்கம் ‘லேய்’ என்றால் நண்பனைக் கூப்பிடும் சொல். இப்போது அதே நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், “லேய் மக்கா, லேவுக்கு எப்போ போறோம்?” என்ற கேள்வியும் ஓடுகிறது.

பெரும்பாலும் ப்ளான் இதுதான்: ஐந்து நாள் லீவு. தோவாளையில் இருந்து காரில் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானத்தில் டெல்லி, மறுநாள் காலையில் லே. அன்றைக்கே ஊர் சுற்றல், அடுத்த நாள் கர்துங் லா கணவாயில் செல்ஃபி. இந்த அவசரம்தான் சிக்கல்.

உயரம் எவ்வளவு?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரமோ சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. அதாவது, தமிழ்நாட்டில் எந்த மலையில் ஏறிப் பழகியிருந்தாலும் லே அதைவிட உயரம்தான். மலையடிவாரத்தில் இருந்தாலும் தோவாளை தாழ்வான ஊர். அங்கிருந்து கிளம்பிய உடம்பு, ஒன்றரை நாளில் மூன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் சுமார் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கு உடம்பு பழக நாள் ஆகும். பழகும் முன் ஓடியாடினால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை வரும். இதுதான் ‘மலை நோய்’. இறங்கிய உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று முதல் நாள் மதியம் சொல்பவர், ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு வராதா?

வரும். வயதோ, உடற்பயிற்சியோ இதற்குக் கவசம் இல்லை. தெம்பு இருக்கிறதே என்று வேகமாக ஏறுவதால் இளைஞர்களும் சிக்கிக்கொள்கிறார்கள்.

எப்போது ஆபத்து?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையோடு சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள். குழப்பமான பேச்சு, தள்ளாட்டமான நடை என்றால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. காலையில் பார்த்துக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே உயரம் குறைவான இடத்துக்கு இறங்கணும். லேயில் இருந்தால் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குப் போகணும். கையில் இருக்கும் சின்ன ஆக்சிஜன் கேன் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

எந்த வழி நல்லது?

நேரம் இருந்தால் ஸ்ரீநகர் வழி. நாகர்கோவிலில் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காட்ரா வரை ஒரே ரயில். 2025 ஜூனில் செனாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, காட்ராவில் ரயில் மாறி ஸ்ரீநகருக்கும் போகலாம். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், அடுத்து கார்கில் சுமார் 2,680 மீட்டர், பிறகு லே. இரண்டு ஊரிலும் ராத்திரி தங்கிப் போனால் உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி சாலையில் வழியில் தங்கும் சர்ச்சு போன்ற இடங்கள் லேயைவிட உயரம் என்பதால், முதல்முறை போகிறவர்களுக்கு அது கஷ்டம். குளிர்காலப் பனியில் இரண்டு சாலைகளும் அடைபடலாம். கிளம்பும் முன் சாலை நிலவரமும் பாதுகாப்பு அறிவிப்புகளும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம்தான் என்றால்?

* முதல் 48 மணி நேரம் ரூமிலும் பக்கத்துக் கடைவீதியிலும் மட்டும். மாடிப்படிகூட மெதுவாக.
* மது, தூக்க மாத்திரை வேண்டாம். தண்ணீர் போதிய அளவு குடிக்கணும்.
* அசிடசோலமைடு மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கணும். சல்ஃபா அலர்ஜி, இதய நோய், ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லணும்.
* மூன்றாம் நாள் நுப்ரா பள்ளத்தாக்கு போகலாம். வழியில் உள்ள கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே சில நிமிஷம் போதும். ராத்திரி தங்கும் டிஸ்கிட் லேயைவிடத் தாழ்வு. 4,200 மீட்டருக்கு மேல் உள்ள பாங்காங் ஏரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.
* வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு சிம்மும் கையில் பணமும் வேணும். உதவிக்கு ஒரு போன் போடக்கூட முடியாத நிலை மலை நோயை இன்னும் ஆபத்தாக்கும்.

கணக்குப் போட்டால் லேவுக்கு எட்டு நாளாவது வேணும். ஐந்து நாள்தான் லீவு என்றால், இந்த முறை ஸ்ரீநகருக்கு விமானத்தில் போய் வரலாம். ஏப்ரல் தொடக்கத்தில் போனால், ஜபர்வான் மலையடிவாரத்தில் டூலிப் தோட்டம் பூத்திருக்கும். தால் ஏரியில் விடியற்காலையில் படகிலேயே காய்கறிச் சந்தை கூடும். இருட்டோடு எழுந்து பூச்சந்தைக்குப் போய்ப் பழகிய தோவாளைக்காரர்களுக்கு அந்த நேரம் ஒன்றும் புதுசு இல்லை.