பச்சைக் கோட்டும் பை தூக்கியவர்களும்

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா என்று ஒரு நகரம். ஏப்ரல் பிறந்தால் உலகத்துக் கோல்ப் ரசிகர்களின் கண்ணெல்லாம் அந்த ஊர் மேல்தான். "மாஸ்டர்ஸ்" போட்டி நடப்பது அங்கே. வெற்றி பெற்றவருக்கு ஒரு பச்சைக் கோட்டு போட்டு விடுவார்கள். கோடி கோடியாகப் பரிசுப் பணம் இருந்தாலும், ஆட்டக்காரர்கள் ஆசைப்படுவது அந்தக் கோட்டுக்குத்தான்!

கோல்ப் பணக்காரர் ஆட்டம் என்பது ஊரறிந்த சங்கதி. பெங்களூரிலும் கல்கத்தாவிலும் கோல்ப் மைதானத்துச் சுவர் ஓரமாகத் தினமும் பஸ்சில் போகிறவர்கள் எத்தனையோ பேர். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? அப்படிப் போனவர்களிலும் பலர் பை தூக்கப் போனவர்கள். அகஸ்டாவின் கதையும் பாதி அவர்களுடைய கதைதான்.

நாற்றுப் பண்ணை

பாபி ஜோன்ஸ் தொழிலால் வக்கீல்; கோல்பில் சூரர். 1930-ம் ஆண்டு ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களை வென்று, 28 வயதிலேயே போட்டிகளுக்கு முழுக்குப் போட்டார். நியூயார்க் பங்குத் தரகர் கிளிபர்டு ராபர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து அகஸ்டாவில் 365 ஏக்கர் நிலம் பிடித்தார். அது பழைய நாற்றுப் பண்ணை. அதனால்தான் இன்றும் அங்குள்ள 18 குழிகளுக்கும் பூச்செடி, மரங்களின் பெயர்கள்! மைதானத்தை வகுத்துக் கொடுத்த அலிஸ்டர் மெக்கன்சி, முதல் போட்டியைப் பார்க்காமலே 1934 ஜனவரியில் காலமானார். மார்ச் மாதம் போட்டி நடந்தது. ஹார்ட்டன் ஸ்மித் ஜெயித்தார். பரிசு 1,500 டாலர்.

யுத்தகாலத்தில், 1943 முதல் 1945 வரை, போட்டி இல்லை. மைதானத்தில் மாடு மேய்ந்தது, வான்கோழி வளர்த்தார்கள். மாடுகள் பூச்செடிகளையும் விட்டு வைக்கவில்லை.

பச்சைக் கோட்டு முதலில் பரிசு அல்ல. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வழி கேட்க வேண்டுமானால் கிளப் அங்கத்தினரை அடையாளம் காண வேண்டுமே, அதற்காக 1937-ல் வந்த உடுப்பு. 1949-ல் சாம் ஸ்னீடு ஜெயித்தபோதுதான் வெற்றி வீரருக்கும் கொடுத்தார்கள். போன வருடம் ஜெயித்தவர் இந்த வருடம் ஜெயித்தவருக்கு அணிவிப்பது வழக்கம். 1966-ல் ஜாக் நிக்லாஸ் இரண்டாம் முறையாகத் தொடர்ந்து ஜெயித்தார். யார் போட்டு விடுவது? அவரே மாட்டிக் கொண்டார்!

பழைய வெற்றி வீரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருந்தும் உண்டு. முந்தைய ஆண்டு ஜெயித்தவர் இஷ்டப்படிதான் சாப்பாடு. இந்திய வம்சாவளியில் பிஜித் தீவில் பிறந்த விஜய் சிங் 2000-ல் ஜெயித்தார். மறு ஆண்டு அவர் போட்டது தாய்லாந்துச் சமையல்.

ஒரு இலக்கம் செய்த வேலை

கணக்கு எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கதை இது. கோல்பில் உடன் ஆடுபவர்தான் நம் கணக்கை அட்டையில் எழுதுவார். நாம் சரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். 1968-ல் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாள் ஆட்டத்தை 65 அடிகளில் முடித்தார். அன்று அவருக்கு 45-வது பிறந்த நாள். 17-வது குழியில் அவர் அடித்தது 3. உடன் ஆடிய டாமி ஆரன் எழுதியது 4. பார்க்காமல் கையெழுத்துப் போட்டு விட்டார். 65 என்பது 66 ஆயிற்று. பாப் கோல்பியுடன் சமமாக நின்றிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். ஆரனைத் திட்டவில்லை. "நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்!" என்று தன்னையே நொந்து கொண்டார். சிறு வயதில் பை தூக்கி முன்னேறியவர் அவர்.

1973-ல் அதே டாமி ஆரனின் அட்டையில் வேறொருவர் ஓர் அடி கூட்டி எழுதினார். ஆரன் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த வருடப் பட்டமும் அவருக்கே!

வெள்ளை உடுப்பில் கறுப்பர்கள்

ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவருக்குப் பெயர் "கேடி". நம் ஊர் போலீஸ் பட்டியலில் வரும் கேடி அல்ல! சுமப்பது மட்டும் அவர் வேலையும் அல்ல. புல்தரை எங்கே சாய்கிறது, பந்து எந்தப் பக்கம் உருளும் என்று சொல்லிக் கொடுப்பவரும் அவரே. 1982 வரை மாஸ்டர்சில் ஆட யார் வந்தாலும் கிளப்பின் கேடிகளைத்தான் அமர்த்த வேண்டும். அவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். ஆடியவர்களோ 1974 வரை ஒரு கறுப்பர்கூட இல்லை.

கார்ல் ஜாக்சன் என்ற பையன் குடும்பக் கஷ்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு, 14 வயதில், 1961 போட்டியில் பை தூக்கினான். பின்னாளில் பென் கிரன்ஷா 1984-லிலும் 1995-லிலும் ஜெயித்தபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான். 1995-ல் போட்டி வாரத்தில்தான் கிரன்ஷாவின் குரு இறந்து போயிருந்தார். பயிற்சியில் ஆட்டம் சரியில்லை. "பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து அடியுங்கள்" என்று ஜாக்சன் சொன்ன யோசனை பலித்தது. கடைசிக் குழியில் குனிந்து அழுத கிரன்ஷாவை அணைத்துத் தேற்றியதும் ஜாக்சன்தான்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ஆர்னால்டு பாமர் நான்கு முறை ஜெயித்தபோதும் பை சுமந்த நத்தானியேல் ஏவரி 1985-ல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2017-ல்!

1982-ல் மழையால் ஆட்டம் நின்றது. மறுநாள் காலை கேடிகள் சிலர் நேரத்துக்கு வரவில்லை. ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். 1983 முதல் அவரவர் ஆளை அவரவரே அழைத்து வரலாம் என்றாயிற்று. வருமானம் பெருகிய நேரத்தில் வேலை பெரும்பாலும் வெளியூர் வெள்ளையர் கைக்குப் போயிற்று. விதியை மாற்றியது நியாயமாக இருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

எல்டர் வந்த நாள்

அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சங்கத்தின் விதியிலேயே "வெள்ளையர் மட்டும்" என்று 1961 வரை எழுதியிருந்தது. சார்லி சிபோர்டு என்ற கறுப்பர் 1967-லிலும் 1969-லிலும் பெரிய போட்டிகளில் ஜெயித்தார். மாஸ்டர்ஸ் அழைப்பு வரவில்லை. போட்டியில் ஜெயித்தவருக்கு அழைப்பு உறுதி என்ற விதி வந்த பிறகுதான் வழி திறந்தது. 1974-ல் புளோரிடாவில் ஜெயித்த லீ எல்டர், 1975-ல் அகஸ்டாவில் ஆடினார். அவரும் சிறுவயதில் பை தூக்கியவரே. மிரட்டல் கடிதங்கள் வந்ததால் ஊரில் இரண்டு வீடு வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார்.

ஆட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டாம் நாளோடு வெளியேறினார். ஆனால் அவர் 18-வது குழியை நோக்கி நடந்து வந்தபோது, கிளப்பில் வேலை பார்த்த கறுப்பர்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, வரிசையாக நின்று கை தட்டினார்கள்.

1990-ல்தான் முதல் கறுப்பரை அங்கத்தினராகச் சேர்த்தார்கள், பெண்களை 2012-ல். 1997-ல் 21 வயது டைகர் உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்துப் பச்சைக் கோட்டு அணிந்தபோது, பார்க்க வந்தவர்களில் எல்டரும் ஒருவர்.

போட்டியின் முதல் பந்தைப் பழைய பெரியவர்கள் அடித்துத் தொடங்கி வைப்பது இன்னொரு வழக்கம். 2021 ஏப்ரலில் அந்தக் கௌரவம் நிக்லாசுடனும் கேரி பிளேயருடனும் எல்டருக்கும் கிடைத்தது. அவருக்கு வயது 86. மூச்சுக்குழாய் வைத்த நிலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் பந்தை அடித்தார்கள். எல்டரால் முடியவில்லை. மட்டையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்றது. அதே ஆண்டு நவம்பர் 28-ந் தேதி அவர் காலமானார்.