உணவகத்தில் உணவைத் திருப்பிக் கொடுக்கலாமா?



பிறந்தநாள், பரீட்சைப் பெறுபேறு, ஊரிலிருந்து வந்த உறவினர் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இப்போது நாம் எல்லோருமே குடும்பமாக உணவகங்களுக்குப் போகிறோம். ஆனால் மேசைக்கு வந்த உணவில் ஒரு குறை இருந்தால் அதைச் சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. வயிற்றோட்டத்துடன் என்னிடம் வரும் நம்மவர்களிடம் விசாரித்தால், "கோழி உள்ளுக்குச் சிவப்பாய்த்தான் இருந்தது டொக்டர், சொல்ல ஒரு மாதிரி இருந்தது" என்பார்கள்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. அன்னத்தைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். முகாம்களில் வரிசையில் நின்று ஒரு பிடி சோறு வாங்கிய தலைமுறைக்கு, கோப்பையில் உள்ளதைத் தள்ளி வைக்க மனம் வராது. அத்துடன் மொழித் தடையும், "எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்ற கூச்சமும் சேர்ந்துவிடுகின்றன. இவை கெட்ட குணங்கள் அல்ல. ஆனால் நோய்க்கிருமிக்கு மரியாதை தெரியாது. ஆகவே எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுப்பது என்று, நான் வாழும் பிரித்தானியாவின் நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன்.

கட்டாயம் திருப்பிக் கொடுக்க வேண்டியவை

1. சரியாக வேகாத கோழி: பிரித்தானியாவில் உணவு நஞ்சாதலை அதிகம் ஏற்படுத்தும் பக்டீரியா கம்பிலோபக்டர். இது பெரும்பாலும் கோழியிலிருந்தே வருகிறது. உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸில் 2 நிமிடமாவது இருந்தால் இத்தகைய கிருமிகள் அழிந்துவிடும். மேசையில் வெப்பமானியால் அளக்க முடியாது. எனவே தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். ஆவி பறக்க வேண்டும், சதை இளஞ்சிவப்பாக இருக்கக்கூடாது, வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் உண்ணாதீர்கள்.

2. உள்ளே சிவந்த பேர்கர்: "மாட்டிறைச்சி ஸ்ரேக்கைச் சிவப்பாகச் சாப்பிடுகிறார்களே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் வெளிப்புறத்தில் இருக்கும், சூட்டில் அவை அழிந்துவிடும். அரைத்த இறைச்சியில் வெளிப்புறம் உட்புறமாகக் கலந்துவிடுகிறது. ஆகவே பேர்கர் நடுவரை வேக வேண்டும். சிறுவர்களுக்கு இது மிக முக்கியம். ஈ.கோலை கிருமியின் சில வகைகள் அவர்களது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியவை.

3. ஆறிப்போன சோறு: அவித்த சோற்றை நீண்ட நேரம் வெளியே வைத்தால் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சுமார் 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கலாம். சூடாக வைக்கப்படும் உணவு 63 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. பஃபே தட்டில் இளஞ்சூடாகக் கிடக்கும் சோறும் பிரியாணியும் வேண்டாம்.

4. ஒவ்வாமைப் பொருள் கலந்த உணவு: இதில் சமரசமே கூடாது. மேலே தூவிய கச்சானைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே கோப்பையைத் தந்தால் ஏற்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துகளே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் போதுமானது. புதிதாகச் சமைத்து, வேறு கோப்பையில் தர வேண்டும்.

5. பழுதான மணம், தலைமயிர், பூச்சி, கண்ணாடித் துண்டு போன்றவை.

குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு உணவு நஞ்சாதல் கடுமையாக வரும். உங்களுக்காகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மேசையில் இருக்கும் அம்மம்மாவுக்காகவாவது சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கக்கூடாதவை

கேட்டதே வந்திருக்கிறது, நன்றாகவே சமைத்திருக்கிறார்கள், ஆனால் நமது நாக்குக்கு உறைப்புக் காணாது என்றால் அது உணவகத்தின் குறை அல்ல. கொஞ்சம் மிளகாய் சோஸ் கேட்கலாம். முக்கால்வாசியை முடித்துவிட்டு "சரியில்லை" என்பதும் அழகல்ல.

எப்படிச் சொல்வது?

முதல் இரண்டு வாயிலேயே சொல்லுங்கள். விரலைச் சொடுக்கியோ உரத்துக் கூப்பிட்டோ அழைக்க வேண்டாம். பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்துக் கையைச் சற்று உயர்த்தினால் வருவார். என்ன குறை, என்ன வேண்டும் என்ற இரண்டை மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். "எக்ஸ்கியூஸ் மீ, திஸ் சிக்கன் இஸ் பிங்க் இன்சைட். குட் யூ சேஞ்ச் இட், பிளீஸ்?" இவ்வளவும் போதும். சமைத்தது அவரல்ல, ஆகவே அவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. மாற்றித் தந்ததும் நன்றி சொல்லுங்கள்.

"குசினியில் ஏதாவது செய்துவிடுவார்கள்" என்று சிலர் பயப்படுவார்கள். மரியாதையாகச் சொன்னவர் மீது வன்மம் கொள்ள யாருக்கும் காரணமில்லை. மேலும், உங்கள் கோழி வேகவில்லை என்றால் அதே சமையலில் வந்தது பக்கத்து மேசைக்கும் போயிருக்கும். நீங்கள் சொல்வது அவர்களுக்கும் உதவி.

தெரிந்தவரின் கடையாக இருந்தால்தான் நமக்குப் பெரும் சங்கடம். "அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அங்கே மௌனமாக இருந்துவிட்டு, பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கதைப்பதுதான் அவருக்குச் செய்யும் கெடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, விற்கப்படும் உணவு திருப்தியான தரத்திலும் விபரித்தபடியும் இருக்க வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய விபரத்தை உணவகங்கள் தர வேண்டும். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கணவாய் மட்டி வகை, கச்சான், மரக்கொட்டைகள், எள்ளு, கடுகு, சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். நமது சமையலில் கடுகும் நல்லெண்ணெயும் எங்கும் இருக்கும். சம்பலில் போடும் மாசியும் மீன்தான். ஆகவே நம்மவர் கடையிலும் ஓடர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்?

ஒவ்வாமையால் உதடு, நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றி மயக்கம் வந்தால் அட்ரினலின் ஊசியை உடனே போட்டு 999ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்செடுக்கக் கஷ்டமானால் இருக்க விடலாம், நடக்க விடாதீர்கள்.

வயிற்றோட்டம் என்றால் நீராகாரமும், ஊரில் கொடுக்கும் ஜீவனி போன்ற உப்புக் கரைசலும் முக்கியம். இரத்தம் போனால், கடும் காய்ச்சல் இருந்தால், சிறுநீர் குறைந்தால், குழந்தை சோர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரை நாடுங்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் நின்று 48 மணித்தியாலம் வரை வேலைக்கோ பாடசாலைக்கோ போக வேண்டாம். கம்பிலோபக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் கழித்தே நோயைக் காட்டும். ஆகவே நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் குற்றம் சொல்லாமல், அந்த வாரம் எங்கே, என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவகத்தில் சந்தேகம் இருந்தால் உள்ளூராட்சி மன்றத்தின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கும் அறிவிக்கலாம்.

உணவை மதிப்பது நமது பண்பாடு. அதை உண்பவரின் உடலை மதிப்பதும் அதில் ஒரு பகுதிதான். அடுத்த முறை வெளியே சாப்பிடும்போது, பிள்ளைகள் பார்க்கும்படி ஒரு தடவை மரியாதையாகச் சொல்லிக் காட்டுங்கள். பல்கலைக்கழகம் போய்த் தனியே வாழும் நாளில் அது அவர்களுக்குக் கைகொடுக்கும்.